ராமாநுஜன் கண்ட பேரெண்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி அவருக்குச் சூத்திரங்களை அருளினாள் என்ற வரலாறு. மற்றொன்று, 1729 என்ற எண். நோயுற்றுப் படுத்திருந்த ராமாநுஜனைப் பார்க்கச் சென்ற ஹார்டி என்ற ஆங்கிலக் கணிதப் புலவர், தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் அதுவென்று கூறியவுடன், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று அவர் விடை பகர்ந்த செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர்.

இவ்விரண்டு கதைகளும் ஓர் எண்ணத்தையே நம் உள்ளத்தில் ஊன்றுகின்றன. ராமாநுஜன் உழைத்து அறிந்தவரல்லர். அறிவு தானாகவே வந்து அவரிடம் குடிகொண்டது என்பதே அவ்வெண்ணம். இது அவருக்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றினும், உண்மையில் அவரது பெருமையில் பாதியை மறைத்துவிடுகிறது. அன்றியும், மேதை வானத்திலிருந்து விழுவது என்று நம்பிவிட்டால், அம்மேதைக்குச் சோறும் காகிதமும் அவகாசமும் கொடுக்க வேண்டிய பொறுப்பு தேசத்துக்கு இல்லை என்று ஆகிவிடும். ஆகவே, 1729-ஐ விடப் பன்மடங்கு பெரியதும், நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராததுமான வேறோர் எண்ணைக் கொண்டு அவரது வாழ்க்கையை ஈண்டு ஆராய்வோம்.

எண்ணின் இயல்பு

அவ்வெண் 67,46,32,83,88,800. வாயினால் சொல்வதானால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. 1915-ஆம் ஆண்டில் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் ராமாநுஜன் பிரசுரித்த நீண்டதொரு கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் கடைசி எண் இது.

இதன் சிறப்பு யாதென அறிய, நமக்குப் பழக்கமான சிறு எண்களிலிருந்து தொடங்குவது நலம். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று வைத்தனர். பத்தென்றும் நூறென்றும் வையாமல் இவ்வாறு வைத்ததில் ஒரு வசதி உண்டு. பன்னிரண்டு மரக்கால் நெல்லை இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் மீதியின்றிப் பங்கிடலாம். பத்து மரக்காலாயின் மூவருக்கும் நால்வருக்கும் பங்கிடும்போது மரக்காலை உடைக்க நேரும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்பர். பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உண்டு. பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. அறுபதுக்குப் பன்னிரண்டு வகுத்திகள். அதனினும் பெரிதான நூற்றுக்கோ ஒன்பதே.

இவ்வாறு, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விட அதிகமான வகுத்திகளை உடைய எண்ணை மிகுபகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை செல்லும். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண்களைப் பற்றிக் கிரேக்கர் காலம் முதற்கொண்டே புலவர்கள் ஆராய்ந்து வந்தனர். அவற்றுக்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கும் மிகுபகு எண்களின் அமைப்பை முறையாக ஆராய்ந்து பெரியதொரு சாஸ்திரமாக்கியவர் ராமாநுஜனே.

நாம் எடுத்துக்கொண்ட பேரெண்ணுக்கு 10,080 வகுத்திகள் இருக்கின்றன. 1 முதல் 28 வரையுள்ள ஒவ்வோர் எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். 29-ஆல்தான் முதன்முதலாக வகுபட மறுக்கும். அதனினும் பெரிய எண்ணாகிய பத்து லட்சம் கோடியை எடுத்துக்கொண்டால், அதற்குள்ள வகுத்திகள் வெறும் 196 மாத்திரமே. அளவில் பெரியது வேறு, பகிர்வதில் பெரியது வேறு என்பது இதனால் விளங்கும்.

பரீக்ஷைகள் ஒதுக்கிய இளைஞர்

இத்தகைய எண்ணைத் தேடிக் கண்டவர் எத்தகைய நிலையிலிருந்து வந்தார் என்பதை இனிப் பார்ப்போம். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் ராமாநுஜன் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள சிறு வீட்டில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்தார். 1897-இல் ஆரம்பப் பரீக்ஷையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதன்மையாகத் தேறினார். 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு இரவலாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை, பெரும்பாலும் விரிவான நிரூபணமின்றி, வரிசையாக அடுக்கியிருந்த நூல் அது. நிரூபணங்களைத் தாமே கண்டுபிடிக்கப் புகுந்த சிறுவர், வேறு எதிலும் மனம் செல்லாதவரானார்.

1904-இல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆங்கிலப் பாடத்தில் தவறியமையால் உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. பிறகு 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். எப்.ஏ. பரீக்ஷையில் அவ்வாண்டும் மறு ஆண்டும் தேறவில்லை. அக்காலத்துக் கல்வி முறை, கணிதத்தில் ஆசிரியர்களையும் விஞ்சி நின்ற ஓர் இளைஞரை, மற்றப் பாடங்களில் மார்க்கு இல்லையென்ற காரணத்தால் தெருவில் நிறுத்தியது. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை ஆராயாது, என்ன தெரியாது என்பதை மட்டும் கணக்கெடுத்துக் குமாஸ்தாக்களைச் சலித்தெடுக்க ஏற்பட்ட சல்லடை அது.

1909-இல் அவருக்கு ஜானகியம்மாளுடன் விவாகம் நடந்தது. குடும்பத்துக்கு வருவாய் வேண்டுமே! தாம் எழுதிய நோட்டுப் புஸ்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். காகிதம் வாங்கக் காசில்லாமையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் நோட்டில் குறித்து வைப்பது அவர் வழக்கமாயிருந்தது. நிரூபணமில்லாத சூத்திரங்கள் அவரது நோட்டுகளில் நிறைந்திருப்பது கண்டு தெய்வீகமென வியப்போர், இக்காகிதப் பஞ்சத்தையும் சற்று நினைத்தல் வேண்டும். தமக்கு வந்த முடிவுகளை அவர் நாமகிரித் தாயாருக்கு உரியனவாகக் கூறியது மெய். பக்தி அவருடையது, அழிந்துபோன கற்பலகைக் கணக்குகளும் அவருடையவையே.

கைகொடுத்தோர்

இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் நிறுவியவரும் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவருமான ராமஸ்வாமி ஐயர், 1910-இல் இந்நோட்டுகளைப் பார்த்தவுடன் அவற்றின் தரத்தை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-இல் முதற் கட்டுரை இந்தியக் கணித சங்கப் பத்திரிகையில் வெளிவந்தது. 1912 மார்ச் முதல் தேதியன்று சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமாநுஜன் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் ஒரு கணிதப் பயிற்சியாளர். இருவரும் ஒருங்கிருந்து ஆராய்ந்தனர்.

1913 ஜனவரி 16-ஆம் தேதி ராமாநுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பிய கடிதம் சரித்திரப் பிரசித்தி பெற்றது. ஹார்டியின் மதிப்புரைக்குப் பின்னர்ச் சென்னைச் சர்வகலாசாலையின் கதவும் திறந்தது. பட்டமில்லாத அவருக்கு 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. சீமையிலிருந்து சான்று வந்த பிறகே நம் நாட்டுக் கலாசாலை கண் திறந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை. எனினும், அதற்கு முன்னரே அவரை இனங்கண்டு உணவளித்தோர் நம்மவரே என்பதையும் மறக்கலாகாது. 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பலேறி, ஏப்ரல் மாதத்தில் ராமாநுஜன் இங்கிலாந்து சேர்ந்தார். ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது.

அட்டவணை பிறந்த விதம்

குளிரிலும் யுத்தகால உணவுப் பஞ்சத்திலும், தம் கையாலேயே மரக்கறி சமைத்து உண்டு, அவர் எழுதிய பெரிய கட்டுரைதான் மிகுபகு எண்களைப் பற்றியது. இப்பொழுது, நம் பேரெண்ணை அவர் எவ்வாறு கண்டார் என்று கேட்போம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒவ்வோர் எண்ணையும் சோதித்திருக்க இயலாது. விநாடிக்கு ஓர் எண் வீதம் இரவும் பகலும் சோதித்தாலும், அவ்வெண்ணை எட்ட இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேற்செல்லும். ஆகவே, இன்ன உருவமுடைய எண்களை மட்டும் சோதித்தாற் போதும் என்று காட்டும் விதிகள் வேண்டும். அவ்விதிகளுள் ஒன்றை எளிதில் விளக்கலாம். 18 என்பது 2-ஐ ஒரு முறையும் 3-ஐ இரு முறையும் பெருக்கி வருவது. அதற்கு ஆறு வகுத்திகள். அதையே மாற்றி, 2-ஐ இரு முறையும் 3-ஐ ஒரு முறையும் பெருக்கினால் 12 வரும். அதற்கும் ஆறு வகுத்திகளே. சிறிய எண்ணே அவ்வளவு வகுத்திகளைப் பெற்றிருப்பதால் 18 தோற்றுவிடுகிறது. இவ்வாறே, மிகுபகு எண்ணில் சிறிய பகா எண் பெரிய பகா எண்ணை விடக் குறைந்த தடவை வருதல் கூடாது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடுதலும் கூடாது. வரிசையிற் கடைசியாக நிற்கும் பகா எண் ஒரே தடவைதான் வரும் என்றும், 4, 36 ஆகிய இரண்டே இதற்கு விலக்கு என்றும் ராமாநுஜன் நிரூபித்தார். ஒரு மிகுபகு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம், எண்கள் பெருகப் பெருக, ஒன்றை நெருங்கிச் செல்லும் என்பதும் அவர் நிறுவிய உண்மை.

நம் பேரெண்ணை இவ்விதிகளுடன் ஒத்துப் பாருங்கள். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. இவற்றை எல்லாம் பெருக்கினால் அது வரும். தடவைகள் படிப்படியாக இறங்குகின்றனவே அன்றி எங்கும் ஏறவில்லை. வகுத்திகளை எண்ணுவதும் எளிது. ஒரு வகுத்தியை அமைக்க 2-ஐ முற்றிலும் விடலாம், அல்லது ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆகவே ஏழு வழிகள். 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, ஏனைய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க 10,080 கிடைக்கும்.

விதிகள் வழியைக் குறுக்கிக் கொடுத்தனவேயன்றி, அட்டவணையை எழுதிக் கொடுத்துவிடவில்லை. அடுத்தடுத்த மிகுபகு எண்களைக் காண, சோதித்துப் பார்ப்பதன்றி வேறு முறை தமக்குத் தெரியாது என்பதை ராமாநுஜனே அக்கட்டுரையில் தெரிவித்திருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட அவ்வெண்கள் ஒவ்வொன்றையும், இயந்திரத்தின் துணையின்றி, அதற்குப் போட்டியாக நிற்கக்கூடிய எண்களுடன் ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேர்ந்தார். கனவில் வந்த சூத்திரமாயின் இவ்வுழைப்பு எதற்கு?

விடுபட்ட ஓர் எண்

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 2,40,94,02,99,600 என்ற எண்ணுக்கும் 3,21,25,37,32,800 என்ற எண்ணுக்கும் இடையில் 2,93,31,86,25,600 என்ற மிகுபகு எண் இருக்க வேண்டும். அதற்கு 5,040 வகுத்திகள் உண்டு. அது அட்டவணையில் இல்லை. வியப்பு என்னவெனில், அட்டவணையின் கடைசி எண்ணாகிய நம் பேரெண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதே எண்தான். இதனால் ராமாநுஜனின் கீர்த்திக்குக் குறைவு ஏதுமில்லை. அவர் நிரூபித்த உண்மைகளுள் எதையும் இவ்விடுபாடு தொடவில்லை. அட்டவணை மனிதர் ஒருவரின் கையால், ஒவ்வோர் எண்ணாகத் தேடி ஆக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறில்லை. கீழ்நாட்டு மர்மமொன்றின் அவதாரமாக ராமாநுஜனைக் கருதுவோரை மறுத்து, அவர் ஆராய்ந்து சிந்தித்து முடிவு கண்ட கணிதரே என்று ஹார்டி பிற்காலத்தில் வற்புறுத்தியதும் இங்கே கருதத்தக்கது.

இக்கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சியின்பேரில் பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. தேறாதவரென்று தாய்நாட்டில் தள்ளப்பட்டவர், எண்களின் வகுத்திகளை எண்ணியே பட்டதாரியானார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகவும், அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கலாசாலையின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் அக்கட்டுரையும் முழுமையாக வெளிவரவில்லை. லண்டன் கணித சங்கம் அப்பொழுது பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும்பொருட்டு ராமாநுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். ஊரில் காகிதத்துக்குக் காசில்லை. சீமையில் அச்சுக்குக் காசில்லை! நின்றுபோன அப்பகுதி, நிக்கோலா, ரொபேன் என்ற பிரெஞ்சுக் கணிதர் இருவரின் குறிப்புகளுடன் 1997-இல், ராமாநுஜன் பெயரையே தாங்கிய கணிதப் பத்திரிகையின் முதல் தொகுதியில் வெளிவந்தது. அவர்களுள் ரொபேன் 1984-இலேயே ஓர் அரிய உண்மையை நிரூபித்திருந்தார். 5,040 என்ற மிகுபகு எண்ணுக்கு மேற்பட்ட எண்கள் அனைத்திலும், வகுத்திகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்குமாயின், கணிதத்தின் தீராத பெரும் புதிர்களுள் ஒன்றாகிய ரீமான் கருதுகோள் மெய்யாகும், அடங்காவிடின் பொய்யாகும். ராமாநுஜனின் வெளிவராத ஏடுகளும் அத்திசையிலேயே சென்றிருந்தன. அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பிறர் வந்து சேர்ந்த வழியில் அவர் முன்னரே நடந்திருந்தார்.

கடைசி விருப்பம்

1917 முதல் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1919 மார்ச்சில் உடல் மெலிந்து தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். நோய்ப்படுக்கையிலும் கணக்கிடுவதை அவர் நிறுத்தவில்லை.

ஊர் திரும்புமுன், 1919 ஜனவரியில், சென்னைச் சர்வகலாசாலைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 250 பவுன் அவருக்கு உதவியாக அளிக்கச் சர்வகலாசாலை தீர்மானித்திருந்தது. அத்தொகையில் 50 பவுனைத் தம் பெற்றோருக்குக் கொடுத்து, தம் அவசியச் செலவு போக எஞ்சியதை ஏழைச் சிறுவர்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் புஸ்தகங்கள் வாங்கிக் கொடுக்கவும் செலவிட வேண்டுமென்று அவர் அதில் கேட்டுக்கொண்டார். புகழின் உச்சியில் நின்ற மனிதர், தமக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று கேட்கவில்லை. உபகாரச் சம்பளத்தை இழந்த கும்பகோணத்துச் சிறுவரை அவர் மறக்கவில்லை. மேதைமைக்கு எது தேவை என்பதை, அதனால் வருந்தியவராதலால், அவர் நன்கு அறிந்திருந்தார்.

2012 முதல் அவர் பிறந்த டிசம்பர் 22-ஆம் தேதி தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவர் படத்துக்கு மாலையிடுவதும், 1729-இன் கதையைச் சொல்வதும் நன்றே. ஆயின் அவருக்குச் செய்ய வேண்டிய கடன் அதனுடன் தீர்ந்துவிடாது. பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள பள்ளிக்கு ஒரு முறை சென்று, புஸ்தகமும் கட்டணமும் இன்றிப் படிப்பை நிறுத்தவிருக்கும் சிறுவர் சிறுமியர் எத்தனை பேர் என்று விசாரிப்பாராக. ஒரு பாடத்தில் தவறினாரென்று வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை வேறெதில் வல்லது என்று கேட்பாராக. 10,080 விதமாகப் பங்கிடத்தக்க எண்ணைக் கண்டவர், தமக்குக் கிடைத்த 250 பவுனையும் பங்கிட்டுக் கொடுக்கவே விரும்பினார். அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பு நம்முடையது.